மின்கம்பம் எண் 47

‘ஏதேனும் ஒரு பொதுப் பிரதியைப்
பகுத்தாய்ந்து எழுதுக. ஆயிரத்து ஐந்நூறு சொல்.’
வகுப்பே சினிமா போஸ்டருக்குப் போனது.
நான் அங்கேரிபாளையம் ரோட்டுக் கம்பத்தில்
ஒட்டியிருந்த மஞ்சள் தாளுக்கு வந்தேன்:

ஆட்கள் தேவை.
சிங்கர், ஓவர்லாக், பேட்லாக், கைமடி.
தங்க இடம் இலவசம்.
குடும்பமாக வந்தால் முன்னுரிமை.

முதல் வரைவு மேடைப் பேச்சாக வந்தது:
‘திருப்பூர், வந்தாரை வாழவைக்கும் ஊர்.’
தாளில் இருந்ததையே
தாளைவிட நீளமாகச் சொல்லியிருந்தேன்.
ஷிப்ட் முடிந்து வந்த கௌசிகா
முடியில் பஞ்சுத் தூசியோடு நின்றபடி படித்தாள்.
‘செரி, அதுக்கென்னங்கறே?’
சோறு போட்டுக்கொள்ளப் போய்விட்டாள்.

அதுக்கென்னங்கறேன்?

மறுபடி கம்பத்தடியில் போய் நின்றேன்.
டவுன் பஸ் ஒன்று எனக்காக நின்று, வைதுவிட்டுப் போனது.
இந்த முறை இல்லாததைப் படித்தேன்.
சம்பளம் எவ்வளவு, இல்லை.
எத்தனை மணி நேரம், இல்லை.
கம்பெனிக்குப் பெயரே இல்லை, செல் நம்பர்தான்.
கீழே தனித் துண்டாக இந்தியில் ஒரு வரி.
எனக்குப் படிக்கத் தெரியாது.
தெரியாது என்றே எழுதினேன்.

பிறகு வாதம் ஒரே மூச்சில் வந்தது:
தனி ஆள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவான்.
குடும்பத்துக்குக் குக்கர் இருக்கிறது,
பள்ளிக்கூடத்தில் பாதி வருஷம் இருக்கிறது.
முன்னுரிமை என்பது
வெளியிலிருந்து போடும் தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளில் எனக்கே கொஞ்சம் கர்வம்.

‘நாங்களும் அப்படி வந்தவங்கதான்’ என்றாள் கௌசிகா.
‘எம்பட அம்மா பக்கத்து டேபிள்ல இருக்கும்.
ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு வரயில
எனக்குப் பயமே இருந்ததில்லீங்க மேடம்.’
மேடம் என்றது கிண்டல்.

அடித்துவிடலாமென்று பேனாவை எடுத்தேன்.
அடிக்கவில்லை.
‘ஆனால்’ என்று ஒரு பத்தி தொடங்கி
அவள் அம்மாவை அதில் உட்காரவைத்தேன்.
தாழ்ப்பாள் யார் கைக்கு எட்டுகிறது
என்று கேட்க வேண்டியதாயிற்று.
கட்டுரை நீண்டது, அழகு குறைந்தது.
மணி மூன்று.

காலையில் மேற்கோளைச் சரிபார்க்கப் போனேன்,
முன்னுரிமையா, முன்னுரிமை உண்டா என்று.
அதன்மேல் யாரோ வேறொன்று ஒட்டியிருந்தார்கள்,
பசைகூடக் காயவில்லை:
வீடு வாடகைக்கு. குடும்பத்தினர் மட்டும்.

அடிக்குறிப்பு ஒன்று:
மின்கம்பம் எண் 47. பார்த்தது செவ்வாய் மாலை.
இப்போது அடியில் இருக்கிறது.