கயிறு தாங்கும் அளவு

ஆறாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
எதிரே ஆள் வந்தால்
வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய படிக்கட்டு.
சாவியைக் கொடுத்த தரகர் சொன்னார்,
"காற்று நல்லாருக்கும்."
வேறு எதைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை.

மருதையன் பட்டியல் போட்டார்.
கட்டில், சோபா, ஆறு பேர் உட்காரும் மேசை,
கண்ணாடி பதித்த பீரோ.
பட்டியல் தாளின் பின்பக்கம் திரும்பியபோது
நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

போதடாங் தெருவின் எல்லா வீட்டையும் போல
எங்கள் கம்பியிலும் ஒரு கயிறு,
முன்பிருந்தவர்கள் விட்டுப்போனது.
மேலே ஒரு பித்தளை மணி,
கீழே காகிதம் கவ்வும் கிளிப்.
தெருவில் ஒருவர் இழுத்தால் இங்கே மணி அடிக்கும்.
செய்தித்தாள் ஏறி வரும்,
பில் ஏறி வரும், கீரைக்கட்டு ஏறி வரும்.

கிளிப்பைக் கழற்றிவிட்டுக் கொக்கி மாட்டினேன்.
மூன்று மாதம் என்றேன்.
இந்தக் கயிறு தூக்குவது மட்டும்
வீட்டுக்குள் வரட்டும்.
அவர் சிரித்தார்.
பீரோவுக்கு அன்று காலையே முன்பணம் கட்டியிருந்தது
எனக்குத் தெரியாது.

முதலில் ஒரு வாளி,
அதற்குள் துடைப்பமும் தீப்பெட்டியும்.
மறுநாள் பாய்:
நான்காம் மாடி ஜன்னல்களில் முட்டி முட்டி
தாளம் போட்டுக்கொண்டே வந்தது.
டீக்கடை கோ ஸா
கால் கோணிய இரண்டு முக்காலிகளைச்
சும்மாவே கட்டிவிட்டார்,
ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.
மண்சட்டி ஏறும்போது மட்டும்
தெரு கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

தனக்காக் கல்லைக் கயிறு தாங்காது.
பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்து
நானே ஏறினேன்.
நின்று நின்று ஏறியதில்
மாடிக்கொரு கதவு திறந்தது.
ஒரு வீட்டில் தண்ணீர், ஒரு வீட்டில் விசிறி,
ஒரு வீட்டில், "வாடகை எவ்வளவு?"

பீரோ வந்தது ஞாயிற்றுக்கிழமை,
நான்கு ஆட்களோடு.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டது.
சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள்,
வெற்றிலை போட்டுக்கொண்டு யோசித்தார்கள்.
ஒருவர் பீரோவின் தாயாரையே
பர்மிய மொழியில் திட்டினார்.
மேலே ஏறாது.
கீழே இறக்க இன்னொரு கூலி.
சாயங்காலம் கரண்டு போனது,
ஆட்களும் போனார்கள்.

படியில் உட்கார்ந்திருந்தார் மருதையன்.
கண்ணாடிக்குள்ளும் ஒருவர் அப்படியே,
கன்னத்தில் கை வைத்தபடி.
டோ மியா யீ கதவைத் திறந்து
மெழுகுவத்தி நீட்டினார்.
"இங்கேயே இருக்கட்டும் தம்பி.
எனக்கு ஒரு தட்டு போதும்."

இப்போது மேல்தட்டில் அவருடைய குடைகள்,
நடுவில் இரண்டாம் மாடிப் பையனின் பந்து,
அடியில் யாருடையதென்று
யாரும் கேட்காத செருப்புகள்.
வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும்
அந்தக் கண்ணாடியில் ஒருமுறை தலை வாரிக்கொள்கிறார்கள்.
நம் காசு, நம் காசு என்று
ஒரு வாரம் முணுமுணுத்தார்.
அடுத்த வாரம் அவரும் அங்கே
சீப்பு வைத்தார்.

திரைச்சீலை என் கணக்கில் ஒரு முழம் குட்டை.
மாற்றி வர வேண்டுமென்று கீழே இறக்கினேன்.
தெயிஞ்சி சந்தை வரை யார் நடப்பது?
மறுபடி மேலே இழுத்தேன்.
அந்த ஒரு முழத்தின் வழியாக
வெயில் நுழைந்து பாயில் படுக்கிறது,
பின்னாலேயே தரகர் சொன்ன காற்றும்.

மூன்று மாதம் என்றது ஐந்தாகிவிட்டது.
பழைய ஆணியில் பட்டியலை மாட்டியிருக்கிறேன்.
எங்கள் சுவரில் இருக்கும் ஒரே படம் அது.

நாற்காலி இல்லையா என்று கேட்டுக்கொண்டே
தரையில் உட்காருகிறவர்களுக்கு
எழுந்திருக்க மனம் வருவதில்லை.
ராத்திரி பத்து மணிக்கு மேல்
பால்கனியில் மணி அடித்தால்
அது எங்களுக்கல்ல.
அவர்கள் வீட்டிலிருந்து
கூப்பிட வந்திருக்கிறார்கள்.