மூன்றாவது சாம்பிள்

நீரோடியில் கூட்டம் என் கடையில்தான் நடந்தது.
செல்போன் ரிப்பேர் பார்க்கிறவளுக்கு
விளக்கும் தெரியும் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.
அறுபத்திரண்டு மிதவைச் சட்டை, சட்டைக்கொரு விளக்கு.
கையில் முப்பத்தோராயிரம்,
அதில் திருநாள் சீட்டின் மிச்சமும் அடக்கம்.

ஐந்து சாம்பிள் வந்தன.
ஐந்தின் அட்டைப்பெட்டியிலும் நீர் புகாது என்ற வாசகம்.
நனையாத ஓர் ஊரில் அச்சடித்திருப்பார்கள்.

அதனால் நனைத்தோம்.
முதலாவதை உப்பு கரைத்த வாளியில், ஒரு ராத்திரி.
காலையில் கண்ணாடிக்குள் வியர்த்திருந்தது,
பொய் சொல்லிப் பிடிபட்டவன் மாதிரி.
இரண்டாவதை ஜெறாள்டின் ஐஸ்பெட்டியில்
நெய்மீனுக்கு அடியில் இரண்டு நாள் புதைத்தோம்.
எரிந்தது. ஆனால் சுவிட்சு கடுகளவு.
பெல்லார்மின் ஐஸில் கையை விறைக்கவிட்டு
அழுத்திப் பார்த்தான்,
பல்லால் கடித்துப் பார்த்தான்,
கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்தான்.
"கரையில நிக்கேன், எனக்கே வரல்ல."

மூன்றாவதை இருபது பாகம் கயிற்றில் கட்டி இறக்கினோம்.
கயிறு மட்டும் ஏறி வந்தது.
"சனியன், ஒண்ணு கழிஞ்சுது" என்றான் ஜெறாள்டு.
நான்காவதைக் கோயில் மணிமேடையிலிருந்து போட்டோம்,
மூடி ஒரு பக்கம், மற்றதெல்லாம் ஒரு பக்கம்.
ஐந்தாவது எல்லாவற்றையும் தாங்கியது.
விலை ஆயிரத்து நூற்றைம்பது.
இருபத்தாறு பேருக்கு வரும்.
மிச்சம் முப்பத்தாறு பேர் யார் யாரென்று
எழுத நோட்டைத் திறந்தேன்,
பேனா எடுக்க ஒருவரும் வரவில்லை.

பிறகு நிறத்துக்குச் சண்டை.
சிவப்பு வேண்டாம், படகின் இடப்பக்கம் சிவப்பு.
பச்சையும் வேண்டாம், வலைமிதவையெல்லாம் இப்போது பச்சை,
ஆளைத் தூக்கப் போய் அடுத்தவன் வலையைத் தூக்கினால்
அடிதடி.
வெள்ளையோ நுரையோடு நுரை.
"மின்னி மின்னி எரிஞ்சா வெள்ளையே போதும்"
என்றாள் புளோறி.
அதோடு சண்டை நின்றது.
புயல் வருஷம் அவள் வீட்டுக்காரன்
கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் உட்கார்ந்து
போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தானாம்.
கூடக் கிடந்து பிழைத்தவன் சொன்னது.
அதில் சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று
என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.
முந்தின வாரம்தான் அந்த பேட்டரியை மாற்ற
அவன் கடைக்கு வந்திருந்தான்.
ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா என்றது நான்.
அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஆறாம் நாள் பொழியூரிலிருந்து போன்.
விளக்கின் வாரில் நெயில் பாலிஷால்
கடை நம்பரை எழுதியிருந்தேன், மறந்தே போயிருந்தது.
"சேச்சீ, நிங்ஙள்டெ லைட்டு ஞங்ஙள்டெ கரமடியில் குடுங்ஙி."
சரி, எடுத்து வையுங்கள், வருகிறோம்.
"அதல்ல சேச்சீ, பிள்ளேரு உறங்ஙுந்நில்ல.
இது எங்ஙனெயா ஒந்நு கெடுத்துந்நது?"

அணைக்கத் தெரியாத ஒரு விளக்குக்காக
கடற்சுவரின் பாறைகளில் தாவித் தாவிப் போனோம்,
புளோறியும் நானும்.
நீவாடு அதை எங்கெல்லாம் இழுத்ததோ,
ஒரு பக்கம் பாசி, உடைந்த கொக்கியில் சிக்கிய நைலான்,
நடுவே மின்னல், மின்னல்.
மூடியை அரைச்சுற்றுத் திருப்பக் கை வைத்தேன்.
"வேண்டாம். எத்தன நாள் போவுதுன்னு பாப்பம்."

என் கடை மேசைமேல் இன்னும் நான்கு ராத்திரி மின்னியது.
பதினோராம் நாள் விடியற்காலை, நாலே கால் மணிக்கு நின்றது.
முழித்திருந்து நேரம் குறித்தவள் அவள்.
விலை நானூற்று எண்பது.
அறுபத்திரண்டும் வாங்கலாம்,
மிச்சத்தில் ஸ்டீல் கொக்கியும்.

ஆர்டர் எழுதும்போது
என்ன பேட்டரி என்று கேட்டாள். சொன்னேன்.
"அது உன் கடையில எப்பவும் ஸ்டாக் இருக்கணும்"
என்றாள்,
மேசையில் கிடந்த உப்பை விரலால் கூட்டிக்கொண்டே,
என் முகத்தைப் பார்க்காமல்.