ஏப்ரல் மடல், நான்காம் பத்தி

சுப்பீரியர் ஏரியில் எங்கள் குடா இன்னும் உடையவில்லை.
எஞ்சினைக் கழற்றிவிட்டு உறைபனிமேல் நிறுத்திய பழைய காரை வைத்து
ஊரே பந்தயம் கட்டியிருக்கிறது:
எந்த நாள், எத்தனை மணிக்கு அது இறங்கும்?
பராமரிப்பு வேலை பார்க்கும் வெய்னோ மே இரண்டு என்கிறார்.
நான் ஏப்ரல் இருபத்தாறு.
சீட்டு இரண்டு டாலர், வசூல் பள்ளி இசைக்குழுவின் முரசுக்கு.

இது முதல் பத்தி.
அடுத்தது, கூடைப்பந்துப் பெண்கள்
ஒரே புள்ளியில் அரையிறுதியை விட்டது.
மூன்றாவது, மேப்பிள் பாகு காய்ச்சும் சனிக்கிழமை.
அடுப்புக்கு வேதியியல் ஆசிரியர் லாஃபேவ் பொறுப்பு;
நாற்பது வாளிச் சாறு வற்றி ஒரு வாளி தேறும்,
பிள்ளைகள் அவரவர் கரண்டியோடு வரவும்.

நான்காவதற்கு முதல்வர் தலைப்பு மட்டும் தந்தார்:
மாணவர் நலன்.
கீழே வெள்ளைத்தாள்.
"நீங்களே ஏதாவது எழுதுங்கள், ஐலி.
நம்பிக்கை தருவதுபோல. நான்கு வரி போதும்."

பதினாறு வருடமாக அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறேன்.
தாமதச் சீட்டு எழுதுபவள்.
எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பது சீட்டில் இருக்கும்,
எப்படி வருகிறார்கள் என்பது என்னிடம்.

ஜனவரியில் டோபின் ஹார்யு
பதினோரு நாள் வரவில்லை.
வரவில்லை என்பதற்குக் கணினியில் ஒரு பொத்தான் உண்டு.
ஏன் என்பதற்கு இல்லை.
பன்னிரண்டாம் நாள் வந்தான்.
கையெழுத்துப் போடச் சொன்னேன்;
தன் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று
பேனாவைப் பிடித்தபடி
சற்று நேரம் நின்றான்.

அறை 114 நூலகத்துக்கு எதிரே.
ஆலோசகர் ஒடெட் நல்லவள், அவசரப்படாதவள்,
மேஜையில் மிட்டாய்க் கிண்ணம் வைத்திருப்பாள்.
ஆனால் நடைக்கூடம் முழுக்கக் கண்கள்.
அந்தக் கதவைத் தொட்டவன் பெயர்
மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று மேஜை சுற்றி வந்துவிடும்.
மிட்டாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பிப்ரவரியில் ஒருநாள் வெய்னோ சலித்துக்கொண்டார்:
தொலைந்த பொருட்கள் பெட்டி வழியெல்லாம் காலை இடறுகிறது,
எல்லாம் ஒற்றைக் கையுறை, யாரும் கேட்டு வருவதில்லை.
"என் அறையில் போடுங்களேன்" என்றாள் ஒடெட்.
அவ்வளவுதான்.
யாரும் அதைத் திட்டம் என்று சொல்லவில்லை.

முதல் வாரம் இரண்டு பேர் கையுறை தேடிப் போனார்கள்.
அடுத்த வாரம் ஒன்பது.
ஒரு கையுறையைத் தேட நாற்பது நிமிடம் ஆகுமா என்றால்,
ஆகும்.
கணக்கு வகுப்பிலிருந்து ஒருத்தி
ஜோடியாகக் கையுறை போட்டுக்கொண்டே வந்து
சீட்டுக் கேட்டாள்.
எழுதிக் கொடுத்தேன்.

இப்போது பனிமேடுகள் கரைகின்றன;
உள்ளே புதைந்திருந்தவற்றை
வெய்னோ சொட்டச் சொட்டக் கொண்டுவருகிறார்.
செவ்வாய்க்கிழமை டோபின் என் ஜன்னலுக்கு வந்தான்.
"கையுறை தொலைஞ்சுபோச்சு."
மூன்று பனிக்காலம் பார்த்துவிட்டேன்,
அந்தக் கைகள் எப்போதும் சிவந்து வெறுமையாகத்தான் இருக்கும்.
"எந்தக் கை?" என்றேன்.
யோசித்தான். "இடது."

ஒரு வகுப்பு முடிந்து மணி அடித்தது. அடுத்ததும் அடித்தது.
வெளியே வந்தவன் கையில்
பச்சை நிறத்தில் ஒன்று.
வலது கையுடையது.
புதன்கிழமை மறுபடியும் ஜன்னலில் நின்றான்:
"இது என்னோடது இல்ல. திருப்பிக் குடுக்கணும்."
சீட்டில் நேரம் போடும் கட்டத்தை
நான் நிரப்பவில்லை.

முதல்வருக்கு நான் எழுதிக் கொடுத்தது:
தொலைந்த கையுறைகள் அறை 114-இல் இருக்கின்றன.
பனிக்காலம் முடிந்தாலும் பெட்டி அங்கேதான் இருக்கும்.
கதவைத் தட்ட வேண்டியதில்லை.

"பத்தி மாறிவிட்டதா?" என்றார்.
இல்லை என்றேன்.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி படித்தார்.
"மூன்று வரிதான் இருக்கிறது, ஐலி."

நான்காவதாகப் போட்டேன்:
காரின் முன்சக்கரம் ஒன்று நேற்றிரவு
லேசாக இறங்கியிருக்கிறது.