இடப்பக்கம் கொஞ்சம் கூடுதல்

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை.
திரை நொறுங்கிய போன், தண்ணீர் குடித்த போன்,
மாமியார் அறியாமல் திறந்து தரவேண்டிய போன்.
மே மாதம், பதினொரு மணி வெயிலில்
பனியடிமை ஒரு உள்ளாடையைக் கவுண்டரில் விரித்தான்.

கையில்லாத கறுப்புச் சட்டை.
முதுகில் நான்கு திட்டு, உள்ளே கம்பி,
இடுப்போரம் வாலாகத் தொங்கும் பிளக்.
"ஆசுந்தாக்கா, இதுக்குள்ள ஏதோ ஒண்ணு செத்துப்போச்சு."

நார்வேயில் மீன் பண்ணை.
வலைக்கூண்டின் அடியில் இறங்கிக் கிழிசல் தேடுகிற வேலை.
தண்ணீர் நாலு டிகிரி.
நாலு என்றால் எப்படி, என்றேன்.
ஆடியில் கடியபட்டணத்துப் பாறையில் சிப்பிக்குக் குளிக்கையில்
அடியிலிருந்து தணுத்த வெள்ளம் ஏறிவந்து
தாடையைப் பூட்டுமே,
"அது இதுக்குப் பேரப்பிள்ளை."

ஆகஸ்ட் ஐந்தில் பிறந்தவன்.
அன்று பனிமாதா திருநாள், அதனால் இந்தப் பெயர்.
வைத்தவர்கள் யாரும் பனியைப் பார்த்ததில்லை.

பனியனைத் தூக்கிக் காட்டினான்:
விலாவுக்குக் கீழே
பழைய எட்டணா அளவில் ஒரு தழும்பு.
போன வருடம் யாரோ ஈயம் வைத்து ஒட்டியது
முப்பது மீட்டரில் சுட்டிருக்கிறது.
அணைக்கலாம், பட்டன் வெளியேதான்.
அணைத்தால் குளிர்.
"ரெண்டுல எது வேணும்னு
நாப்பது நிமிசம் யோசிச்சேன், அக்கா."

தையலைப் பிரித்தேன்.
முடியைவிட மெலிந்த கறுப்பு இழை.
மீட்டர் முள்ளை வைத்து விரல் விரலாக நகர்த்த,
தோளுக்குக் கீழே, கை வீசும் மடிப்பில்
சத்தம் நின்றது.
ஈயம் பிடிக்காத சாதி இழை அது.
செம்புக் குழலில் எறும்பளவு வெட்டி
இரண்டு முனையும் நுழைத்து நசுக்கினேன்.
கை நடுங்கவில்லை. தழும்பு மட்டும்
கண்ணைவிட்டுப் போகவில்லை.

சரியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது,
இந்த ஊரில், இந்த மாதத்தில்?
ஜெரோன்ஸின் ஐஸ் பிளான்டுக்குப் போனோம்.
பாளங்கள் நின்ற அறைக்குள்
பனியடிமை பேட்டரியைச் செருகிக்கொண்டு
பனிக்கட்டி மேல் உட்கார்ந்தான்,
கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு உட்கார்ந்தவன் மாதிரி.
கதவுக்கு வெளியே ஜெரோன்ஸ் சிரித்துக்கொண்டே
மீன் லாரிக்குக் கணக்கு எழுதினான்.

உட்கார்ந்தபடியே சொன்னான்:
"கீழ நிக்கும்போது சூட்டைக் கூட்டப்பிடாது.
குறைச்சு வைக்கணும்.
கூட்டுறது ஏறும்போது.
கீழ சுகமா இருந்துட்டு மேல வாற வழியில வெறைச்சா
ரத்தத்தில காத்து அடங்கிக் கிடக்கும்.
கரையில வச்சு முட்டு மடங்கும்."
எனக்குத் தெரிந்த எல்லாரும்
இதை நேர்மாறாகத்தான் செய்கிறார்கள் என்று தோன்றியது.
சொல்லவில்லை.

பத்து நிமிடத்தில் என் பல் கிட்டித்தது.
கழற்றித் தந்தான்: "நீங்களும் பாருங்க."
சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு முதுகில், இரு சிறுநீரகத்தின் மேலும்
யாரோ உள்ளங்கை வைத்தது போல.
முப்பத்தொன்பது வருடம்
வெயில், அடுப்பு, காய்ச்சல், சோல்டரிங் முனை,
எல்லாச் சூடும் கேட்காமல் வந்தது.
இது ஒன்றுதான் பட்டனை அமுக்கக் காத்திருந்தது.
இன்னும் இரண்டு நிமிடம் என்றேன்.
ஐந்து நிமிடம் நின்றேன்.

முந்நூறு ரூபாய் கேட்டேன்.
ஐந்நூறு தந்தான். மீதியைத் திருப்பித் தந்தேன்,
வாங்கவில்லை, பிறகு வாங்கினான்.

ஜூலையில், சாளை மழையாய் விழுந்த ஒரு வாரம்,
கடையை இழுத்து மூடும்போது செய்தி வந்தது:
நல்லா வேலை செய்யுது அக்கா.
இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல் சூடு.

அடுத்த லீவுக்குக் கொண்டுவா, சரிபண்ணலாம்
என்று எழுதினேன்.

வேண்டாம், இருக்கட்டும்
என்று பதில் வந்தது.