மீனுக்கு அடுப்பில்லை

கிள்ளையில், மூன்றாம் நம்பர் குளத்துக் கரையில்
காலித் தீவன மூட்டையை விரித்து
ஒரு கொடுவாவைக் கிடத்தினேன்.
முந்நூற்றுப் பத்து கிராம்.
இந்த ஆனிக்கு அறுநூறு இருந்திருக்க வேண்டும்.

வயிற்றோடு பிளேடு ஓடியது.
குடல் இப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை,
யாரோ உள்ளே உட்கார்ந்து
உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல்.
ஈரல், மைதா மாவின் நிறத்தில்.

பட்டினி இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது.
இரண்டு வேளையும் போட்டதைத் தின்றது.
தின்றது அப்படியே
வெள்ளை நூலாய் வாலுக்குப் பின்னால் மிதந்தது.

தை மாதம் ஹாஜா மைதீன் கடையில்
மூட்டைக்கு நானூறு குறைவு என்றார்.
"கருவாட்டுத்தூள் விலை கேட்டா மயக்கம் வரும்.
இது சோயா, கொஞ்சம் பருத்திக்கொட்டை.
புரதம் அதே புரதம்தான் அக்கா."
மூட்டையில் அச்சடித்த எண்ணும் அதையே சொன்னது.

எண் பொய் சொல்லவில்லை.
விதைதான் விட்டுத் தரவில்லை.

முளைக்கப் பிறந்த ஒன்று
தின்னப்படச் சம்மதிக்குமா?
மணிச்சத்தைப் பூட்டி வைத்திருக்கிறது.
துத்தநாகத்தையும் பிடித்து இழுத்துக்கொள்கிறது.
செரிக்க வரும் நீரின் கையைக் கட்டிப்போடுகிறது.
நானும் மொச்சையை ஊறவைத்து
முதல் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறவள்தானே.
கொடுவாவுக்கு ஏது அடுப்பு, ஏது வடிதட்டு?
மடவைக் குஞ்சைத் துரத்திப் பிடிக்கவே
அந்தத் தாடை.

ஆய்வகத்திலிருந்து பிரிஸ்கில்லா போன் செய்தாள்:
"குடல் மடிப்பெல்லாம் குட்டையாயிடுச்சு.
கண்ணுல பால் கட்டியிருக்கே, கவனிச்சீங்களா?"
கவனித்திருந்தேன்.
டார்ச் வெளிச்சம் பட்டு மின்னுவதாக நினைத்தேன்.

மத்தித் தூளுக்கே திரும்பலாம்.
கடலூர்த் துறைமுகத்து மத்தி
லாரி லாரியாய் ஆலைக்குப் போகிறது.
என் நாத்தனார் வீட்டுக் குழம்பில்
அது விழுந்து மாதம் இரண்டாகிறது.
எனக்கு மனசும் இல்லை, காசும் இல்லை.
எது முதல் காரணம் என்று கேட்காதீர்கள்.

நீல பீப்பாயில் சோயாத் தூளைக் கரைத்து
இட்லி மாவுபோலப் புளிக்கவிட்டேன்.
வாடை மூன்று குளம் தாண்டியது.
"தில்லைக்கரசி மீனுக்குத் தோசை ஊத்துறா"
என்று மதகடியில் சிரிப்பு.

பாதிக்குப் பாதி கலந்து பதினேழு நாள்.
நேற்று இன்னொன்றை அறுத்தேன்.
சிவப்பு இருக்கிறது,
முன்னைவிட ஒரு பங்கு குறைவாய்,
அல்லது மேகம் போட்டிருந்தது.

கண் வெளுத்த ஒன்று
கரையோரமாகவே சுற்றுகிறது.
உருண்டையைக் காணாமல்
அது விழும் சத்தத்துக்குத் திரும்புகிறது.
அதற்கு மட்டும்
குனிந்து, கிட்டேயே போடுகிறேன்.