நானூற்று மூன்று

தை பிறந்த வாரம் திருடர்கள் வந்தார்கள்.
நிமிடத்துக்கு நாலாயிரம் பேர்,
ஒருவருக்கும் முகமில்லை.
நாலு வருஷத்துப் பழைய பதிவு,
பூனைப் படத்துக்குக் கீழே யாரோ போட்ட சிரிப்பு,
எல்லாவற்றையும் வழித்தெடுத்துக்கொண்டு போனார்கள்.
கழனிவாசல் மாடியறையில் என் சர்வர்
மிக்ஸி மாதிரி அலறி
விடியுமுன் படுத்துவிட்டது.

ஒரு காவலைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன்.
ப்ராக்ஸி என்று பெயர்.
வருகிறவர்களை அது கேட்கும்:
நீ மனிதன்தானா?
சின்னதாய் ஒரு கணக்கும் கொடுக்கும்,
போட்டுக் காட்டினால் உள்ளே விடும்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

நானும் ஆரோக்கியமும்
இரண்டு வருஷமாகச் சதுரங்கம் ஆடுகிறோம்.
அவன் தேவகோட்டை, மின்வாரியத்தில் கணக்கெடுப்பு.
அவன் சர்வர் அவன் வீட்டில், என்னுடையது என்னிடம்.
நாளுக்கொரு நகர்த்தல்.
நடுவில் முதலாளி என்று யாரும் கிடையாது,
அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்.

காவல் நின்ற மறுநாளிலிருந்து
அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.
ராணியை வெட்டியது சுருக்கென்றிருக்கும் என்று நினைத்தேன்.
"ஆடேன்டா" என்று இரண்டு தடவை எழுதினேன்.
மூன்றாவது தடவை எழுதவில்லை.
போன் இருந்தது.
யார் முதலில் என்பதுதான் இல்லை.

பத்தாம் நாள் பஸ் ஏறி வந்தான்.
செருப்பைக்கூடக் கழற்றாமல்,
"குதிரை, எஃப் ஐந்து" என்றான்.
"பத்து நாளா இதைத்தானே சொல்றேன் சாத்தப்பா."

லாகைத் திறந்தோம்.
அவன் சர்வர் வந்திருக்கிறது.
ஒரு நிமிடம் கழித்து, ஐந்து நிமிடம் கழித்து,
அரைமணி, ஆறுமணி,
பிறகு நாளுக்கொரு முறை.
மனிதனா என்று கேட்டால்
ஆமாம் என்று பொய் சொல்லத் தெரியாத இயந்திரம்.
கையெழுத்திட்ட கடிதத்தோடுதான் நின்றிருக்கிறது,
காவல் கையெழுத்தைப் பார்க்கவேயில்லை.
403. 403. 403.

நான் எழுதியவையும் அங்கே போயிருக்கின்றன.
எழுதியது நான்தானா என்று சரிபார்க்க
என் சாவியைக் கேட்டு அது திரும்பி வர,
அதனிடமும் கணக்குத்தாளை நீட்டியிருக்கிறது
என் வாசல்.

அதே பக்கத்தில், கொஞ்சம் கீழே,
திருடர்களில் பாதிப்பேர்
கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு
உள்ளேதான் இருந்தார்கள்.

ஆரோக்கியம் சிரித்தான்.
நான் ஒரே ஒரு வரி விதி எழுதினேன்:
இந்த வழியாக வருகிறவரைக் கேள்வி கேட்காதே,
கையெழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.
ஐந்து விளக்குப் பக்கம் பரோட்டா தின்றோம்.
குதிரையைப் பற்றி மட்டும் பேசினான்.
கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இரவு மூன்றேகாலுக்கு
வரிசையில் நின்றதெல்லாம் மொத்தமாக வந்தது.
முதலில் குதிரை.
பிறகு, நாலாம் நாள் எழுதியது: உடம்பு சரியில்லையா?
ஏழாம் நாள்: நான் ஏதாவது தப்பாச் சொன்னேனா?
ஒன்பதாம் நாள்
வெறும் ஒரு புள்ளி.

எதிரே உட்கார்ந்து
சால்னாவை இன்னும் ஊற்றச் சொன்னவன்
இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

இல்லடா, என்று எழுதி அனுப்பினேன்.
202 என்று வந்தது.
வாங்கிக்கொண்டோம் என்றுதான் அதற்கு அர்த்தம்.
படித்தார்கள் என்று அல்ல.