பதிவுத் தபால்

டீனுஸ் வீட்டு ஆட்டை நான் தொட்டதில்லை.
பாலும் குடித்ததில்லை, அந்த வாடை எனக்கு ஆகாது.
அவன் கொட்டகையைச் சுற்றிப் போகும் சாலையில்
ஏழு வருடம் சைக்கிளில் கடிதம் சுமந்தேன்.
மூச்சு விட்டேன். அவ்வளவுதான் என் பங்கு.

அந்த ஏப்ரலில் மழையே இல்லை.
பிராபன்ட் மணலைக் கிழக்குக் காற்று புரட்டிக்கொண்டிருந்தது.
கொட்டகைக்குள் நாள் நிறையாத குட்டிகள் விழுந்தன,
ஈரமாக, ஓசையில்லாமல்.
நேற்று ஒன்பது, இன்று பதினான்கு என்று
அவன் மனைவி ஆன்யெலீன்
காலண்டரில் கோடு போட்டாள்.
வைக்கோலை வாரி வெளியே குவித்தார்கள்.
வைக்கோல் காய்ந்தது.
மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது.

மே மாதம் எனக்குக் காய்ச்சல்,
மண்டைக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல.
இந்த வாரம் நீங்கள் பதினோராவது ஆள் என்றார் டாக்டர்.
பேக்கரிப் பையன், பாதிரியார்,
ஆட்டை டிவியில் மட்டும் பார்த்திருந்த ஒரு கணக்காளர்.
கியூ காய்ச்சலாம்.
என்னவென்று தெரியாத காலத்தில்
யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டதாம்.

டிசம்பரில் அரசு முத்திரையோடு ஒரு பதிவுத் தபால்.
கையெழுத்து வாங்காமல் கொடுக்க முடியாது.
டீனுஸ் கையுறையைக் கழற்றி
என் பேனாவிலேயே போட்டான்.
உறையைப் பிரிக்கவில்லை.
"சினை எல்லாமா?"
"எல்லாம்."
பிறகு தரையைப் பார்த்து, "உனக்கு இருமல் விட்டதா?"
"விட்டது" என்றேன். விடவில்லை.

வெள்ளை உடுப்பில் வந்தார்கள்.
வயிற்றை ஸ்கேன் செய்து
சினைக்கு மட்டும் முதுகில் நீலக் கோடு.
நீலக் கோட்டுக்கு ஊசி.
முந்நூற்றுச் சொச்சம்.
அன்று நான் வாய்க்கால் பக்கமாகச் சுற்றிப் போனேன்.
அவனுக்காகவா எனக்காகவா,
இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது,
என் இதய வால்வில் அது குடித்தனம் நடத்துவது.
அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை.
தினமும் மாத்திரை. வெயில் பட்டால் தோல் வேகும்.
நிழல் பார்த்து நடக்கும் தபால்காரியை
யார் வைத்துக்கொள்வார்கள்?

டீனுஸ் இப்போது அஸ்பாரகஸ் போடுகிறான்.
மே பிறந்தால் ஒரு கட்டு
என் கதவுக் கைப்பிடியில் தொங்கும்,
பெயரில்லாமல், கையெழுத்துக் கேட்காமல்.
முதல் வருடம் குப்பையில் போட்டேன்.
இந்த வருடம் தோல் சீவி, வேகவைத்து, வெண்ணெய் ஊற்றி
ஜன்னலோரம் உட்கார்ந்து தின்றேன்.
ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தேன்.
காற்று எந்தப் பக்கம் என்று
பார்த்த பிறகு.